மத்து இல்லாத ஊரில் ஒரு மசியல்

வெளிநாடு செல்லும் மகளுக்கோ மருமகளுக்கோ பெட்டி கட்டிக் கொடுத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய இரவு கூடத்தின் நடுவே பெட்டி வாய் திறந்து கிடக்கும். ஒருபுறம் மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் கரம் மசாலாவும் பொட்டலங்களாக அடுக்கப்பட்டிருக்கும்; மறுபுறம் மிக்ஸி, குக்கர், இட்லித் தட்டு. வீட்டுப் பெரியவர் எடை பார்க்கும் எந்திரத்தின் மீது பெட்டியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பார். பின்னலாடைத் தொழில் கற்றவர்கள் வளைகுடாவுக்கும் வங்க தேசத்திற்கும் ஐரோப்பாவுக்கும் சென்று வருகின்ற எங்கள் அவிநாசிப் பகுதியில் இது அடிக்கடி காணக்கூடிய காட்சியாகும்.

அப்படிக் கட்டிய ஒரு பெட்டியில் நான் செய்த தவறொன்றைத்தான் இங்கே உங்களிடம் சொல்ல விழைகின்றேன்.

என் தங்கையின் மகள், கணவருடனும் கைக்குழந்தையுடனும் ஜெர்மனிக்குப் புறப்பட்டாள். தென் ஜெர்மனியில் ஷ்வாபிய மலைப்பாங்கான வட்டாரத்தில் ஆல்ப்ஷ்டாட் என்றொரு நகரம் உண்டு. பின்னல் எந்திரங்களுக்கும் பின்னல் ஊசிகளுக்கும் பெயர் பெற்ற நகரம் அது. திருப்பூரில் நிட்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்து எந்திரங்களின் பெயர்கள் மனப்பாடம். அந்த வட்டாரத்திலேயே மருமகனுக்கு ஒன்றரை ஆண்டுப் பணி.

பீளமேடு விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டபோது மூன்று கிலோ கூடுதலாக இருந்தது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை வீறிட்டு அழ, நான்தான் அவசரமாகப் பெட்டியைத் திறந்தேன். கைக்கு அகப்பட்டது சந்தகை மிஷின் இருந்த துணிப்பை. இரும்புச் சாமான், கனமானது, அங்கே சந்தகை பிழிய யாருக்கு நேரம் இருக்கப்போகிறது என்று எண்ணி அதை வெளியே எடுத்துவிட்டேன். எடை சரியாகிவிட்டது. மிக்ஸி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. வீட்டிற்கு வந்து பையைப் பிரித்தபோதுதான், பருப்பும் கீரையும் கடையும் மரமத்து அந்தப் பைக்குள்ளேயே செருகப்பட்டிருந்ததைக் கண்டேன். நூற்று நாற்பது கிராம் எடையுள்ள பொருள்! 'போகட்டும், மிக்ஸிதான் இருக்கின்றதே' என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பசையாகிப் போன கிழங்கு

குழந்தைக்குப் பத்து மாதம் நிறைந்தபோது ஒருநாள் மாலை அவள் அழைத்தாள். முகம் வாடியிருந்தது. "பெரியம்மா, ஒரு வாரமா இவன் எதையுமே தின்ன மாட்டேங்கிறான். உருளைக்கிழங்கு மசிச்சுக் கொடுத்தாத் துப்பிடறான்" என்றாள். கடைகளில் கண்ணாடிக் குப்பிகளில் குழந்தை உணவு விற்கின்றார்கள். ஆனால் அவற்றுள் பலவற்றில் இறைச்சி சேர்ந்திருக்கும். அது ஹலால் இறைச்சியன்று. ஒவ்வொரு குப்பியின் மீதும் உள்ள ஜெர்மன் எழுத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வீட்டிலேயே செய்து கொடுப்பதே நலம் என்று முடிவு செய்திருக்கிறாள்.

கிண்ணத்தைக் காட்டச் சொன்னேன். கரண்டியைத் தூக்கினாள், கிழங்கு நூல் நூலாக இழுபட்டுத் தொங்கிற்று. சுவரொட்டி ஒட்டும் மைதாப் பசை போலிருந்தது. அந்தப் பிள்ளை துப்பாமல் என்ன செய்வான்?

"எதுல மசிச்சே?"

"மிக்ஸியிலதான். வேற என்ன இருக்கு இங்கே?"

சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மத்தை எடுத்து வைத்தவள் நானல்லவா!

ஏன் பசையாயிற்று என்பதை அறிந்துகொள்வது எல்லோருக்கும் பயன்படும். உருளைக்கிழங்கு என்பது மாவுச்சத்து நிரம்பிய நுண்ணிய அறைகளால் ஆனது. வேகும்போது அறைகளுக்கு இடையேயுள்ள பிணைப்பு இளகுகின்றது. உள்ளே இருக்கும் மாவு நீரை உறிஞ்சி உப்புகின்றது. மத்தினால் மெல்ல அமுக்கும்போது அறைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன, பெரும்பாலானவை உடைவதில்லை. அதனால்தான் மசியல் பூப்போல இருக்கின்றது. மிக்ஸியின் கத்தியோ நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்று அந்த அறைகளைக் கிழித்துவிடுகின்றது. உள்ளிருந்த மாவுச்சத்து வெளியேறி நீருடன் கலந்து கஞ்சிப் பசையாகின்றது. தேங்காய்க்கும் இஞ்சி பூண்டிற்கும் அருமையான அந்த எந்திரம், வெந்த கிழங்கிற்குப் பகையாகும். பசையாகிப் போனதை மீண்டும் மசியலாக்க வழியில்லை. வெங்காயம் சேர்த்து அடையாகச் சுட்டு உண்ணலாம், அவ்வளவே.

ஆனால் குற்றம் முழுவதும் மிக்ஸியுடையதன்று. கிழங்கைப் பற்றியும் கேட்டேன். பச்சைப் பட்டை போட்ட பையில் வந்தது என்றாள். அங்கேதான் இன்னொரு செய்தி இருக்கின்றது. நம்மூரில் ஊட்டிக் கிழங்கு என்றும் வேறு கிழங்கு என்றும் கேட்டு வாங்குகிறோம். 1820களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் உருளைக்கிழங்கைப் பயிரிடச் செய்த காலம் முதல் நமக்குப் பழகிய கிழங்கு அது. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து அன்னூர் வழியாக அவிநாசிக்கு வந்துவிடும். ஜெர்மானியரோ, கிழங்கு வெந்தபின் எப்படி இருக்கும் என்பதைப் பையின் மீதே அச்சிட்டு விற்கின்றனர். 'ஃபெஸ்ட்கோஹெண்ட்' என்றிருந்தால் வெந்தும் உருக்குலையாத இறுகிய வகை. பெரும்பாலும் பச்சை நிறம். 'மெஹ்லிக்கோஹெண்ட்' என்றிருந்தால் மாவாக உதிரும் வகை. பெரும்பாலும் நீல நிறம். இரண்டுக்கும் இடைப்பட்டதற்குச் சிவப்பு. மசியலுக்கு வேண்டியது மாவு வகை. அவள் வாங்கியதோ இறுகிய வகை. கரண்டியால் அமுக்கிப் பார்த்திருக்கிறாள், மசியவில்லை. அதன் பிறகே மிக்ஸியில் இட்டிருக்கிறாள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் என்னும் பெயர்களையும், அமெரிக்காவில் இருப்பவர்கள் ரஸ்ஸெட் என்னும் பெயரையும் கேட்டு வாங்கினால் மாவுக் கிழங்கு கிடைக்கும்.

அண்டை வீட்டு அம்மையாரின் கருவி

மறுநாள் கடைக்குச் சென்று மசிக்கும் கருவி வாங்குமாறு சொன்னேன். எந்தக் கடைக்குச் செல்வது, என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பது அவளுக்குத் தெரியவில்லை. மத்தை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? கையை முறுக்கிக் காட்டினாளாம். கடைக்காரர் முட்டை அடிக்கும் கம்பியைக் கொடுத்தாராம். மாடிப்படியில் எதிர்ப்பட்ட அண்டை வீட்டு அம்மையாரிடமும் அதே அபிநயத்தைச் செய்திருக்கிறாள். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் குழந்தையைப் பார்த்தார், கையிலிருந்த கிழங்குப் பையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று ஒரு கருவியுடன் திரும்பினார்.

அதை அவள் வீடியோவில் எனக்குக் காட்டியபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடியில் துளைகளுள்ள ஓர் உலோகக் கிண்ணம். மேலே அமுக்குவதற்கு ஒரு தட்டு. பாக்குவெட்டியைப் போல் இணைந்த இரு நீண்ட கைப்பிடிகள். நம் சந்தகை மிஷினின் தங்கையல்லவா இது! மூன்று கிலோ கனமென்று நான் இறக்கி வைத்த பொருளின் உறவுக்காரி அங்கே அடுத்த வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

ஷ்வாபிய வட்டாரத்தில் ஷ்பெட்ஸ்லே என்றொரு உணவு வீடுதோறும் உண்டு. கோதுமை மாவையும் முட்டையையும் கலந்து துளைகளின் வழியே கொதிநீரில் பிழிந்தெடுப்பது. அதற்கென்று பிழியும் கருவி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ அதே அமைப்பில் உருளைக்கிழங்கு பிழியும் 'கார்டோஃபெல்பிரெஸ்ஸே' என்பதும் உண்டு. மத்தைப் போன்று குத்தி மசிக்கும் கருவிக்கு 'கார்டோஃபெல்ஷ்டாம்ஃபர்' என்று பெயர். ஜெர்மனியில் இருக்கும் சகோதரிகள் இந்த இரு பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தயக்கம் அவளுக்கு எழுந்தது, எழ வேண்டியதுதான். அந்நாட்டு அடுக்களையில் பன்றி இறைச்சியும் புழங்கும். அவர்களுடைய பாத்திரத்தில் நம் பிள்ளைக்கு உணவு செய்யலாமா? இதே போன்றதொரு கேள்வியை அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கின்றார்கள். வேறு பாத்திரம் கிடைக்குமானால் அவற்றைத் தவிர்க்கவும், கிடைக்காவிடில் கழுவிப் பயன்படுத்தவும் வழி காட்டப்பட்டதாக ஸஹீஹுல் புகாரியில் காணப்படுகின்றது. அவள் கொதிநீர் ஊற்றி நன்றாகக் கழுவி, அன்றைக்கு அதில் செய்தாள். அந்த வாரமே தனக்கென்று புதியதொன்றை வாங்கிவிட்டாள். விடுதிகளில் பொது அடுக்களையில் சமைக்கும் மாணவ மாணவியருக்கு இது நாள்தோறும் வரும் சிக்கல். ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் ஒரு கத்தியும் தமக்கென்று தனியே வைத்துக்கொள்வதே நிம்மதி. கத்தியைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். சரக்காக அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கொங்கு நாட்டுச் சகோதரிகளுக்குச் சந்தகையின் பக்குவம் தெரியும். இடியாப்பத்திற்கு மாவைப் பிழிந்து பின்னர் அவிக்கிறோம். சந்தகைக்கோ அவித்த மாவைச் சூடாகவே பிழிகிறோம். ஆறினால் மிஷின் திருகாது. கிழங்கிற்கும் அதே விதிதான். ஆகவே அவளுக்குச் செய்முறையைச் சொல்ல எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அரை கிலோ மாவுக் கிழங்கைத் தோல் சீவி ஒரே அளவுத் துண்டங்களாக நறுக்கிக் குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிநீரில் இட்டால் வெளிப்புறம் கரைந்துவிடும், உட்புறம் வேகாது. கத்தி முனை தடையின்றி இறங்கும் பதத்தில் நீரை முழுவதும் வடித்துவிட்டு, வெறுஞ் சட்டியை இரண்டு நிமிடம் தணலில் வைத்து ஈரம் போக்க வேண்டும். சூடு ஆறுமுன் பிழிய வேண்டும். தோலுடன் வேக வைத்திருந்தால் இரண்டாக வெட்டி, வெட்டிய முகம் கீழே இருக்குமாறு வைத்து அமுக்கினால் சதை மட்டும் இறங்கும், தோல் கிண்ணத்திலேயே தங்கிவிடும். முதலில் 50 கிராம் வெண்ணெய். அது கலந்த பின்னரே சூடான பால் 100 மில்லி. குளிர்ந்த பால் கூடாது. அதன் பிறகு அளவுக்கு மேல் கிளறவும் கூடாது. குழந்தைக்கு எடுத்து வைத்த பின்னரே பெரியவர்களுக்கு உப்பும் மிளகும் சேர்க்க வேண்டும். நான் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவேன்; அந்த அம்மையார் ஜாதிக்காயைத் துருவிப் போடச் சொன்னாராம். அது அவர்கள் ஊர் வழக்கம்.

நோன்புக் காலத்தில் கட்லெட் செய்யவும் இவ்வாறு பிழிந்த கிழங்கே சிறந்தது. அதற்கு மட்டும் பாலும் வெண்ணெயும் சேர்க்காமல், பரப்பி ஆறவிட்டுப் பிடிக்க வேண்டும்.

மசியலில் கட்டி இருப்பது உலகெங்கும் இல்லத்தரசிகள் கேட்டுப் பழகிய குறைதான். ழான் மாந்த்லே என்ற பிரெஞ்சுக்காரர், மனைவி செய்த மசியலில் கட்டிகள் இருக்கக் கண்டுதான் கையால் சுற்றும் காய்கறி அரைவை ஒன்றை 1932இல் உருவாக்கினார் என்று சொல்வார்கள். அதிலிருந்து வளர்ந்ததே பிற்காலத்தில் மூலினெக்ஸ் என உலகம் அறிந்த நிறுவனம். மனைவியைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போகாமல் கருவி செய்து கொடுத்தாரே, அதற்காக அவரைப் பாராட்டலாம்.

எந்த ஊரில் எது கிடைக்கும்?

நம்மவர் மிகுந்து வாழும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரம், துபாயின் பழைய கடைவீதிகள், இலண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களுக்குச் செல்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இடியாப்ப உரல், தேங்காய்த் துருவி, ஆப்பச் சட்டி அனைத்தும் அங்கே கிடைக்கின்றன. பாரிஸின் லா ஷாப்பெல், கனடாவின் ஸ்கார்பரோ, ஜெர்மனியின் பல நகரங்கள் ஆகியவற்றில் இலங்கைத் தமிழர் கடைகள் உண்டு. இடியாப்பமும் புட்டும் அவர்களுடைய அன்றாட உணவாதலால் அவற்றுக்கான கருவிகளை அங்கே கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட கடை இல்லாத ஊரில், பொருளின் பெயரைத் தேடுவதைவிட அது செய்யும் வேலையைத் தேடுவது நல்லது. அமெரிக்காவில் மெக்சிகோ நாட்டவர் கடைகளில் அவரை விதையை மசிக்கும் மரக்கட்டை கிடைக்கும். பருப்பு மசிக்க அது போதும். அவர்கள் சாக்லேட் பானத்தை நுரைக்க அடிக்கும் 'மோலினில்லோ' என்னும் மரக்கருவியை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டுகிறார்கள். பார்த்தால் நம் மோர் மத்து என்றே நினைப்பீர்கள். ஜப்பானில் 'சுரிபாச்சி' என்றொரு மண்கிண்ணம். உட்புறம் வரிவரியாகக் கீறல்கள் இருக்கும். மரக்குழவியும் உடன் வரும். கீரை கடைய இதைவிட என்ன வேண்டும்? அரபு நாடுகளில் கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேக வைத்து மரக்கட்டையால் அடித்து ஹரீஸ் செய்கின்றனர். 2023இல் யுனெஸ்கோ இந்தச் சமையல் மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. குத்துதல், நசுக்குதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது. மசித்த உருளைக்கிழங்கையும் அதே வேர்ச்சொல்லால் 'மஹ்ரூஸா' என்கின்றனர்.

ஒன்றுமே கிடைக்காவிடில்? மாவுச் சல்லடையைக் கவிழ்த்து, வெந்த கிழங்கைக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். கை வலிக்கும், ஆனால் ஒரு கட்டியும் தங்காது. பெரியவர்களுக்கு மட்டுமென்றால் முள்கரண்டியே போதும்.

மின்சாரக் கருவிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் வீணாவது அங்கேதான். நம் மிக்ஸி 230 வோல்ட்டில் ஓடுவது. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா ஆகிய இடங்களில் மின்னழுத்தம் ஏறத்தாழ அதுவே. பிளக்கு மட்டுமே வேறு. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகியவற்றில் சதுர முனை மூன்று. ஜெர்மனியில் உருண்டை முனை இரண்டு. மண்தொடர்புள்ள நல்ல அடாப்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். நம் மிக்ஸி அங்கே முனகுமேயன்றி அரைக்காது. 110 வோல்ட்டில் ஓடும் இந்திய மிக்ஸிகள் தனியே விற்கின்றன. அதைத்தான் வாங்க வேண்டும்.

அடுப்பையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இண்டக்ஷன் அடுப்பானால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடேறாது. பித்தளையும் செம்பும் அப்படியே. அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் வழியில் உள்ள அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே பாத்திரம் வாங்கும்போது ஒரு சிறிய காந்தத்தைக் கையோடு எடுத்துச் சென்று அடிப்பாகத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இண்டக்ஷனுக்கு ஆகும். எவர்சில்வரிலும் ஒட்டாத வகை உண்டு. அடிப்பாகம் தட்டையாகவும் இருக்க வேண்டும். உருண்டை அடி வாணலி கண்ணாடி அடுப்பின் மீது ஆடும். இன்னொன்று: ஐரோப்பியக் குக்கர்கள் பெரும்பாலும் விசில் அடிப்பதில்லை, ஒரு சிறு முனை மேலெழும்பி அழுத்தத்தைக் காட்டும். "மூணு விசில் விடு" என்று இங்கிருந்து சொன்னால் அங்கே புரியாது. நிமிடக் கணக்கைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மரக்கருவி கொண்டு செல்பவர்கள் இறங்கியதும் படிவத்தில் அதைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம்.

அன்று மாலை அந்தப் பிள்ளை நான்கு கரண்டி உண்டான். ஐந்தாவதை வாங்கிக் கையில் பிசைந்து தன் தாயின் முக்காட்டில் பூசினான். அல்ஹம்து லில்லாஹ், அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெருநாளன்று அவள் அந்தக் கருவியிலேயே சந்தகை பிழிந்திருக்கிறாள். துளை சற்றுப் பெரிது. சந்தகை தேன்குழல் பருமனில் வந்ததாம். தேங்காய்ப் பால் ஊற்றி ஒரு தட்டு அடுத்த வீட்டிற்கும் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மையார் இருமுறை கேட்டு வாங்கி உண்டுவிட்டு, இவ்வளவு மெல்லிய ஷ்பெட்ஸ்லேயை இதுவரை பார்த்ததில்லை என்றாராம். நாங்கள் மெல்லியதாக இல்லையே என்று வருந்துகிறோம்!

அடுத்த மாதம் இங்கிருந்து ஒருவர் அந்தப் பக்கம் செல்கின்றார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு இரண்டு பொருள்கள் சொன்னாள். அம்மையாருக்குக் கொடுக்க நுண்துளை அச்சுடன் ஒரு சந்தகை மிஷின், அவளுக்கு மத்து. மிஷின் பெட்டியில் ஏறுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மத்தை அவருடைய கைப்பையிலேயே வைத்துவிட்டேன்.